வளர்ற பிள்ளைக்கு இரண்டு சைஸ் பெரியது

அந்த இரண்டு பக்கத் தாளை எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியது என் மகன். ஒட்டிய அன்றைக்கே நான் அதைக் கிழித்துக் குப்பையில் போட்டிருக்க வேண்டும். பள்ளிகளுக்கு இடையே நடக்கும் மல்யுத்தப் போட்டிக்கு வருகிறவன் எதை அணிய வேண்டும், எதை அணியக்கூடாது என்று ஆங்கிலத்தில் வரிசையாக அச்சடித்திருந்தார்கள். நகம் விரல் நுனியைத் தாண்டக்கூடாது. முடி காதை மூடக்கூடாது. மோதிரம், சங்கிலி, கயிறு எதுவும் உடம்பில் இருக்கக்கூடாது. காதுகளை மூடும் ஹெட்கியர் தலையில் அசையாமல் நிற்க வேண்டும். பல்லுக்குக் கம்பி போட்டிருந்தால் வாய்க்குள் ரப்பர் கவசம். ஷூ கணுக்காலை மூட வேண்டும், அதன் லேஸ் அவிழாதபடி டேப் சுற்றியிருக்க வேண்டும். சிங்லெட் என்று ஓர் உடுப்பு, தோளிலிருந்து தொடைவரை ஒரே துணி, அது உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும்.

"ஏன்டா, இது குஸ்தியா, இல்ல பொண்ணு பாக்க வர்றாங்களா? இம்புட்டு கண்டிஷனு?" என்று கேட்டேன்.

அவன் சிரிக்கவில்லை. "இதெல்லாம் இல்லைன்னா மேட்ல ஏத்த மாட்டாங்கம்மா. ரொம்ப ஸ்ட்ரிக்ட்" என்றான்.

அபுதாபியில் அப்போது வியாழனும் வெள்ளியும்தான் விடுமுறை. என் கணவர் கட்டடக் கம்பெனியில் இன்ஜினியர். போட்டியெல்லாம் வியாழக்கிழமைதான், அவருக்கோ அன்றைக்கும் சைட்டில் டியூட்டி. மகன் குஸ்தியில் சேரட்டுமா என்று கேட்டபோது, "சேரட்டுமே" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மிச்சத்தை யார் பார்ப்பது? நான்தான். நான் முசஃபா தொழிற்பேட்டையில் ஒரு கிளினிக்கில் லேப் டெக்னீஷியன். கராஜிலும் ஒர்க்‌ஷாப்பிலும் வேலை பார்க்கிற ஆட்களுக்கு ரத்தம் எடுப்பது என் வேலை. ஆறடி உயர வெல்டர்கூட ஊசியைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடுங்குவார். "கையை நீட்டுங்க, குழந்தையா நீங்க?" என்று ஓர் அதட்டல் போட்டால் சரியாகிவிடும். நாள் முழுக்க அதட்டிப் பழகிய வாய் வீட்டுக்கு வந்தாலும் ஓயாது. அதை நான் மறைக்கவில்லை.

எங்கள் இந்தியப் பள்ளிக்கு ஹரியானாவிலிருந்து ஒரு பி.டி. சார் புதிதாக வந்திருந்தார். ஊரில் குஸ்தி பிடித்தவராம். கிரிக்கெட் டீமில் இடம் கிடைக்காத ஐந்தாறு பையன்களைப் பிடித்து, மாடி ஹாலில் மேட் என்கிற குஸ்தி மெத்தையை விரித்து ஆரம்பித்துவிட்டார். அதில் என் மகனும் ஒருவன். பதினொன்றாம் வகுப்பு. அதுவரை கீபோர்டு, அபாகஸ், ஹிந்தி, நீச்சல் என்று அவன் கற்றதெல்லாம் நான் கொண்டுபோய்ச் சேர்த்தது. எதிலும் ஒரு வருடம் தாண்டவில்லை. இதில் மட்டும் அவனாகப் போய்ச் சேர்ந்தான். சாயங்காலம் கழுத்தெல்லாம் சிராய்ப்போடு வந்து, பசிக்கிறது என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். தட்டில் சோற்றை அளைந்துகொண்டே இருக்கிற பிள்ளை அது. அந்த ஒன்றுக்காகவே நான் ஹம்தான் ஸ்ட்ரீட்டில் ஒரு விளையாட்டுச் சாமான் கடைக்குப் போய் எல்லாவற்றையும் வாங்கினேன்.

வாங்கினேன் என்றால், எங்கள் வழக்கப்படி வாங்கினேன். எங்கள் வீட்டில் பிள்ளைக்குச் சரியான அளவில் எதையும் வாங்கியது கிடையாது. யூனிஃபார்ம் பேன்ட்டா, கீழே நாலு விரல் மடித்துத் தைக்கிற மாதிரி. பள்ளி ஷூவா, முன்னால் பெருவிரல் நுழைகிற மாதிரி. என்னை அப்படித்தான் வளர்த்தார்கள், என் தங்கையையும் அப்படித்தான். வளர்ற பிள்ளைக்கு அளவாக யாராவது வாங்குவார்களா? சிங்லெட் இரண்டு சைஸ் பெரியது, ஹெட்கியர் பெரியவர்கள் அளவு, ஷூவும் இரண்டு சைஸ் பெரியது. ஷூ நுனியில் பஞ்சு வைத்துக்கொள்ளலாம் என்று கடையிலேயே முடிவு செய்துவிட்டேன். "அம்மா, லூஸா இருக்கும்மா" என்று அவன் இரண்டு தடவை சொன்னான். "ஆறு மாசத்துல பத்தாம போயிடும், வாயை மூடு" என்றேன்.

முதல் போட்டி அல் ஐனில் ஓர் அமெரிக்கப் பள்ளியில் நடந்தது. பையன்கள் பள்ளி பஸ்ஸில் போனார்கள். ஐந்தாவது டெஸ்டில் லைசென்ஸ் வாங்கியவள் நான். ஒன்றரை மணி நேரம் தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு பின்னால் போனேன். போட்டி தொடங்குமுன் பையன்களை வரிசையில் நிறுத்திப் பரிசோதித்தார்கள். ரெஃப்ரி அந்தப் பள்ளியின் வாத்தியார்தான், நரைத்த மீசை, வெயிலில் சிவந்த முகம். ஒவ்வொருவனாக நகத்தைத் தடவிப் பார்த்து, வாயைத் திறக்கச் சொல்லி, ஹெட்கியரைப் பிடித்து ஆட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்கிற மாதிரி எனக்கு எரிச்சலாக இருந்தது. என் மகனிடம் வந்ததும் சிங்லெட்டின் அக்குள் பக்கம் இரண்டு விரலை விட்டு இழுத்தார். துணி ஒரு ஜாண் தனியாக வந்தது. எதிராளியின் விரல் மாட்டினால் முறிந்துவிடும், இதோடு ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பார்வையாளர் பெஞ்சிலிருந்து இறங்கிப் போய், "சார், வளர்ற பையன். அதனால்தான் கொஞ்சம் பெருசா வாங்கினேன்" என்று என் ஆங்கிலத்தில் விளக்கினேன்.

அவர் பையனை மேலிருந்து கீழாக ஒரு தடவை பார்த்தார். "வளரட்டும், மேடம். மேட்சுக்கு முன்னாலேயே வளர்ந்துடுவானா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். வரிசையில் நின்ற பையன்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். என் மகன் தரையைப் பார்த்தான்.

அவன் எடைப் பிரிவில் மாற்று உடுப்பு யாரிடமும் இல்லை. நாள் முழுக்க என் பக்கத்தில் உட்கார்ந்து மற்றவர்கள் மோதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பி வரும்போது பி.டி. சாரோடு பஸ்ஸில் போனான். நான் தனியாக வண்டியில் அந்த ரெஃப்ரியைத் திட்டிக்கொண்டே வந்தேன். ஒட்டகம் குறுக்கே வந்திருந்தால் அதையும் திட்டியிருப்பேன்.

மூன்று மாதம் கழித்து அபுதாபியிலேயே இரண்டாவது போட்டி. இந்தத் தடவை நான் விடவில்லை. சிங்லெட்டின் இரண்டு பக்கமும் உள்ளே பிடித்துத் தையல் மெஷினில் தைத்தேன், உடம்புக்கு அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. நகத்தை நானே வெட்டினேன். மணிக்கட்டில் இருந்த கோயில் கயிற்றைக் கத்தரித்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன், அதற்கே மனசு கேட்கவில்லை. வரிசையில் நிற்பதற்குக் கொஞ்சம் முன்னால்தான் ஹெட்கியர் முன்னும் பின்னும் ஆடுவதைப் பார்த்தேன். பட்டையைக் கடைசி ஓட்டைவரை இழுத்தாகிவிட்டது, இன்னும் ஆடுகிறது. யோசிக்க நேரமில்லை. எங்கள் ஊர்ப் பெண்கள் இப்படிப்பட்ட சமயத்தில் என்ன செய்வார்களோ அதைத்தான் செய்தேன். தாலிச் செயினில் மாட்டியிருந்த ஊக்கை எடுத்து, பின்பக்கப் பட்டையை மடித்து இறுகக் குத்திவிட்டேன். ஹெட்கியர் சிமென்ட் வைத்த மாதிரி நின்றது. எனக்கு ஒரே பெருமை.

அதே ரெஃப்ரி. நகம் சரி, வாய் சரி, சிங்லெட் சரி. என்னைத் திரும்பிப் பார்த்து லேசாகத் தலையை அசைத்தார். பிறகு ஹெட்கியரைப் பின்னாலிருந்து தடவினார். "அவுச்" என்று கையை உதறினார். விரலில் ரத்தப் பொட்டு.

பத்துப் பதினைந்து வருடமாக ரத்தம் எடுக்கிறவள் நான், ஒரு நாளும் அப்படி நடுங்கியதில்லை. அவர் ஊக்கைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பி.டி. சாரிடம் போனார். உங்கள் பையன்கள் எல்லோரும் விதிப்படி அணிந்திருக்கிறார்கள் என்று காலையில் நீங்கள்தானே என்னிடம் உறுதி சொன்னீர்கள் என்று எல்லோர் எதிரிலும் கேட்டார். பள்ளிக்கு எச்சரிக்கை, பையனுக்கு அன்றைக்கு மேட் இல்லை.

பி.டி. சார் என்னிடம் வந்தார். கோபத்தில் அவருக்கு ஆங்கிலமே வரவில்லை. "மேடம், யே க்யா ஹை? சேஃப்டி பின்? குஸ்தி மே? கிசி கி ஆங்க் சலி ஜாத்தீ!" என்றார். குஸ்தியில் ஊக்கா, யாருடைய கண்ணாவது போயிருக்கும் என்கிறார். நான் பதிலுக்குக் கத்தினேன். நல்ல ஹெட்கியரைப் பள்ளியே வாங்கிக் கொடுக்கலாமே, பையன் தலை ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று என்னைக் கேட்கிறீர்களா, இந்த விதியையெல்லாம் எழுதினவன் பிள்ளை பெற்றவனா என்று என்னென்னவோ. ஹிந்தி பாதி, ஆங்கிலம் பாதி. கத்தக் கத்த நான் செய்தது தப்பு என்று எனக்கே தெரிந்தது. அதனால் இன்னும் சத்தமாகக் கத்தினேன்.

வீட்டுக்கு வந்ததும் மகன் சொன்னான். "இனிமே நீ வராதம்மா. ப்ளீஸ்."

"நான் வராம யாருடா வருவா உனக்கு? உங்கப்பாவா?"

"யாரும் வேணாம். ஐ ஜஸ்ட் வான்ட் ஒன் மேட்ச். ஒரு வருஷமா டெய்லி ப்ராக்டிஸ் பண்றேன். இன்னும் ஒரு தடவகூட மேட்ல ஏறல. எல்லாரும் என்னை என்ன கூப்பிடறாங்க தெரியுமா? ஸ்பெக்டேட்டர்னு."

கதவைச் சாத்திக்கொண்டான். பன்னிரண்டாம் வகுப்பில் ஒரே ஒரு போட்டிக்குத்தான் பள்ளி அனுமதிக்கும், நவம்பரில். மார்ச்சில் போர்டு எக்ஸாம். அதற்குப் பிறகு கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் காலேஜ். அங்கே யார் இவனுக்கு மெத்தை விரித்து வைத்திருக்கப் போகிறார்கள்? அந்த நவம்பரும் போய்விட்டால், ஒரு தடவைகூட மேட்டில் ஏறாத குஸ்திக்காரனாகவே அவன் ஊருக்குப் போவான். காரணம் நான். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை, ஆனால் அதை அவனிடம் சொல்லவும் வாய் வரவில்லை.

நவம்பருக்கு முன்னால் இருவருமாக மறுபடி அந்த ஹம்தான் ஸ்ட்ரீட் கடைக்குப் போனோம். கடைக்காரர் மலையாளி. இந்தத் தடவை தலையை டேப் வைத்து அளந்து, அளவான ஹெட்கியர் எடுத்துக் கொடுத்தார். அப்படியே காலையும் அளந்தார். போன வருடம் அளந்த அதே அளவு. "சேச்சி, இவன் இனி வளரில்ல. ஷூவும் கரெக்ட் சைஸ் எடுத்தோ" என்றார்.

"அதெல்லாம் வளருவான். பதினேழு வயசுதான் ஆகுது" என்றேன்.

"அம்மா, ஷூ லூஸும்மா" என்றான் மகன்.

"ரெண்டு சாக்ஸ் போட்டுக்கோ. ஷூ புதுசா இருக்குடா, ஒரு கீறல் விழல. அதத் தூக்கி எறிய முடியுமா?"

பள்ளியில் பயிற்சியெல்லாம் வெறுங்காலில்தான், போட்டி மேட்டிலேயே ஏறாத ஷூவில் எங்கிருந்து கீறல் விழும்? அதை என்னிடம் சொல்லிப் பிரயோஜனமில்லை என்று அவனுக்குத் தெரியும்.

மூன்றாவது போட்டி துபாயில். வராதே என்று அவன் மறுபடியும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, போனேன். வரிசையில் நிறுத்தினார்கள். மறுபடியும் அதே மீசைக்கார ரெஃப்ரி, நாடு முழுக்க வேறு ஆளே கிடையாதா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. நகம், முடி, வாய், சிங்லெட். ஹெட்கியரைப் பின்னாலிருந்து ரொம்ப ஜாக்கிரதையாகத் தடவினார். குனிந்து ஷூவைப் பார்த்தார். லேஸை இறுக்கிக் கட்டி, முடிச்சின் மேல் கெட்டியான அகல டேப்பை பி.டி. சாரே தன் கையால் சுற்றியிருந்தார். ரெஃப்ரி நிமிர்ந்து, என் மகனின் தோளில் ஒரு தட்டு தட்டி, "யு ஆர் குட்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்தபோதுகூட நான் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

அவன் எடைப் பிரிவுக்கு இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். பி.டி. சார் மற்றப் பையன்களோடு மேட் பக்கம் இருந்தார். இவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் காலைத் தரையில் தட்டிக்கொண்டே இருந்தான்.

"என்னடா?"

"கால் மரத்துப் போகுதும்மா. பரவால்ல."

பெரிய ஷூ, இரண்டு சாக்ஸ். நழுவாமல் இருக்க சார் லேஸை அவ்வளவு இறுக்கியிருந்தார். தொட்டுப் பார்த்தேன், கணுக்காலுக்கு மேல் சதை பிதுங்கியிருந்தது. "மரத்த காலோட எப்படிடா நிப்ப? காட்டு" என்று குனிந்தேன்.

"அம்மா, வேணாம். சார்ட்ட கேட்டுக்கலாம்."

"சார்ட்ட என்னத்த கேக்குறது? ஒரு பிளாஸ்டர் ஒட்ட எனக்குத் தெரியாதா?"

கைப்பையில் இருந்த சின்னக் கத்தரிக்கோலால் டேப்பை வெட்டினேன். லேஸைக் கொஞ்சம் தளர்த்தி மறுபடி கட்டினேன். அவன் "அப்பாடா" என்றான். கைப்பையில் கிளினிக் பேப்பர் டேப் ஒரு சுருள் எப்போதும் இருக்கும். வெள்ளையானது, மெல்லியது, பிய்க்கும்போது தோல் வலிக்காதது. ஊசி குத்திய இடத்தில் பஞ்சை வைத்து ஒரு நாளைக்கு ஐம்பது பேருக்கு அதைத்தானே ஒட்டுகிறேன். முடிச்சின் மேல் நாலு சுற்று சுற்றி, விரலால் அழுத்திவிட்டேன். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

அவன் பெயரைக் கூப்பிட்டார்கள்.

இரண்டிரண்டு நிமிடமாக மூன்று சுற்று. எனக்கு அந்த ஆட்டத்தின் கணக்கு ஒன்றும் புரியாது, போர்டில் விழும் எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிராளி வெள்ளைக்காரப் பையன், கழுத்தே இல்லாமல் தோளும் தலையுமாக இருந்தான். முதல் சுற்றில் என் மகனைக் கீழே தள்ளினான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது இவன் எப்படியோ உருண்டு வெளியே வந்து, அவன் காலைப் பிடித்துத் தூக்கிவிட்டான். அரங்கே கத்தியது. என் பிள்ளை ஒருவனைத் தூக்குகிறான்! வீட்டில் கேஸ் சிலிண்டரை நகர்த்தச் சொன்னால் முனகுகிறவன். மூன்றாவது சுற்றில் போர்டில் நாலுக்கு நாலு. நான் பெஞ்சின் மேல் ஏறி நின்றுகொண்டு தமிழில் கத்தினேன், "விடாதடா, விடாத!"

இன்னும் இருபது விநாடி இருந்தது. விசில் ஊதினார்கள்.

ரெஃப்ரி என் மகனின் காலைக் காட்டினார். லேஸ் அவிழ்ந்து மேட்டில் நீளமாகக் கிடந்தது. வியர்வையில் ஊறிய பேப்பர் டேப் ஷூவின் ஓரத்தில் சுருண்டு தொங்கியது. ரெஃப்ரி அதை விரலால் எடுத்துப் பார்த்தார், பிறகு மேசைப் பக்கம் திரும்பி எதிராளிக்கு ஒரு புள்ளி என்று கையைத் தூக்கினார். லேஸ் அவிழ்ந்தால் எதிராளிக்கு ஒரு புள்ளி. அது அந்தத் தாளில் இருந்தது. இரண்டாவது பக்கத்தில், என் ஃபிரிட்ஜ் கதவில், ஒரு வருடமாக.

பி.டி. சார் ஓடிவந்து கெட்டி டேப் சுற்றினார். மிச்ச இருபது விநாடியில் இவன் என்ன முட்டினாலும் அந்தக் கழுத்தில்லாத பையன் அசையவில்லை. நாலுக்கு ஐந்து. எதிராளியின் கையைத் தூக்கினார்கள்.

நான் பெஞ்சிலிருந்து இறங்கிப் போவதற்குள் பி.டி. சார் மகனைப் பிடித்துவிட்டார். சுருண்ட பேப்பர் டேப்பை அவன் முகத்துக்கு நேரே ஆட்டினார். "யே கிஸ்னே லகாயா?" என்று கத்தினார். இதை ஒட்டியது யார், என் டேப்பை வெட்டியது யார் என்கிறார்.

மகன் என்னைப் பார்க்கவில்லை. "நான்தான் சார். கால் வலிச்சது, நானே வெட்டினேன்" என்றான்.

ஒன்றரை வருட உழைப்பை ஒரு முட்டாள்தனத்தில் தொலைத்தாயே, உனக்கெல்லாம் குஸ்தி எதற்கு என்று அவர் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார். எல்லாப் பையன்களும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவன் தலை குனிந்து, "ஸாரி சார், ஸாரி சார்" என்றான். நான் நாலடி தூரத்தில் நின்றேன், கைப்பையில் அந்த டேப் சுருளோடு. ரெஃப்ரியோடு சண்டை போட்டவள், கோச்சோடு சண்டை போட்டவள், லைசென்ஸ் டெஸ்ட் எடுத்த போலீஸோடு சண்டை போட்டவள். நான்தான் சார் என்று இரண்டு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வெட்கம் இன்றைக்கும் எனக்குப் போகவில்லை.

அவன் பஸ்ஸில் ஏறவில்லை, என் வண்டியில் வந்து பின் சீட்டில் உட்கார்ந்தான். துபாய் எல்லையில் ஜெபல் அலியைத் தாண்டினோம். பிறகு நான்தான் கேட்டேன். "ஏன்டா அப்படிச் சொன்ன? அம்மாதான்னு சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னா சார் உன்னைத் திட்டுவார்ல."

"திட்டட்டுமே. எனக்கென்ன?"

"உனக்குத் திட்டு வாங்கிப் பழக்கம் இல்லம்மா" என்றான். "எனக்குப் பழக்கம்தான்."

கேலியாகத்தான் சொன்னான், கோபமே இல்லை. எனக்கு ரோடு தெரியவில்லை, வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினேன். அவன் பின்னால் ஷூவைக் கழற்றி, ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டிருந்த இரண்டு சாக்ஸையும் உருவிவிட்டு, சிவந்து தடித்திருந்த காலை மெதுவாகப் பிசைந்துகொண்டிருந்தான்.